பஞ்சருக்குப் பின்னால ஒரு கால்நடை டாக்டர்: உங்க சைக்கிள் டியூபுக்குள்ள இருக்கும் 130 வருஷக் கதை!

காலை 5.20 மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போற ரோடு. 6 மணிக்கு உங்களுக்கு ஷிஃப்ட். எம்டிபி சைக்கிளை எடுத்துக்கிட்டு கிளம்பி ரெண்டு கிலோமீட்டர்கூட ஆகல. பின்சக்கரம் லேசா ஆடுது. அடுத்த பத்து மிதியில ரிம் ரோட்டுல இடிக்கிற சத்தம். இறங்கிப் பார்த்தா டயர் சப்பையா கிடக்கு. பஞ்சர் கடை திறக்க இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். லேட்டா போனா அரை நாள் சம்பளம் போகும். பக்கத்துல போற லாரி எல்லாம் ஹார்ன் அடிச்சுட்டுப் போகுது.

அந்த நேரத்துல திட்டுறதுக்கு உங்களுக்கு ஒரு ஆள் வேணும் இல்லையா? இருக்கார். பேர், ஜான் பாய்ட் டன்லப். சக்கரத்துக்குள்ள காத்தை அடைச்சு ஓட்டலாம்னு உலகத்துக்கு நிரூபிச்சவர். காத்து உள்ளே வந்த அன்னைக்கே, அது வெளியே போற பிரச்னையும் வந்துடுச்சு. அதாவது, டயரையும் பஞ்சரையும் சேர்த்தே நமக்குக் கொடுத்துட்டுப் போனவர் இவர்.

ஆனா, அவர் கதையை முழுசா கேட்டா உங்களுக்குத் திட்ட மனசு வராது. அதுமட்டுமில்ல, அடுத்த தடவை எந்த டியூப் வாங்கணும், பஞ்சரை எப்படித் தள்ளிப்போடணும்ங்கிறதும் அந்தக் கதைக்குள்ளயே இருக்கு.

உடம்பு சரியில்லாதவர்னு நம்பின மனுஷன்

1840, பிப்ரவரி 5. ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் இருக்கும் டிரெக்ஹார்ன் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் டன்லப். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அதனால் தன் உடம்பு ரொம்ப பலவீனமானது என்று வாழ்நாள் முழுக்க நம்பினார். எதையும் நிதானமாக, அளவாகச் செய்யும் ஆள். வேடிக்கை என்னன்னா, அப்படிப் பயந்து பயந்து வாழ்ந்தவர் 81 வயசு வரைக்கும் இருந்தார்.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயதிலேயே டாக்டர் ஆகிவிட்டார். கொஞ்ச காலம் ஸ்காட்லாந்தில் தொழில் செய்துவிட்டு, 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் அவருடைய மருத்துவமனை நன்றாகவே வளர்ந்தது. 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு பெண், ஒரு பையன்.

கால்நடை டாக்டர்னா சும்மா ஒரு இடத்துல உட்கார்ந்திருக்கிற வேலை இல்ல. குதிரை வண்டியில ஊர் ஊரா போகணும். அந்தக் காலத்துச் சக்கரம் மரமும் இரும்பும். சைக்கிளுக்கு மட்டும் கெட்டியான ரப்பர் பட்டை. பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவினது. நடுவுல டிராம் தண்டவாளம் வேற. வண்டியில போனா எலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடும். இந்த அதிர்ச்சியைக் குறைக்க முடியாதா என்ற கேள்வி அவருக்குள் ரொம்ப நாளாகவே இருந்தது.

பையனோட மூணு சக்கர சைக்கிள்

1887. டன்லப்புக்கு 47 வயது. மகன் ஜானிக்கு ஒரு மூணு சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் கல் ரோட்டில் கெட்டி ரப்பர் சக்கரத்தோடு அவன் படுகிற பாட்டை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரப்பர் அவருக்குப் புதுசு இல்லை. தொழிலுக்காக ரப்பரில் சில பொருட்களை அவரே செய்து பழகியவர். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ரப்பர் தகட்டை எடுத்தார். அதைக் குழாய் மாதிரி ஒட்டினார். ஒரு வட்ட மரத்தட்டைச் சுற்றி அதைப் பொருத்தி, மேலே துணியைச் சுற்றி இறுக்கினார். ஃபுட்பாலுக்குக் காத்தடிக்கும் பம்பால் காத்து அடித்தார்.

அப்புறம் வீட்டு முற்றத்தில் ஒரு சின்னப் பரிசோதனை. மகனின் சைக்கிளில் இருந்து கழற்றிய சக்கரத்தை முதலில் உருட்டிவிட்டார். கொஞ்ச தூரம் போய் விழுந்துவிட்டது. அடுத்து காத்தடைத்த சக்கரத்தை உருட்டினார். அது முற்றத்தின் கடைசி வரை ஓடி, கேட் தூணில் மோதித் திரும்பியும் வந்தது!

ரோட்டுல ஒரு சின்னக் கல் வருதுன்னு வெச்சுக்கோங்க. கெட்டிச் சக்கரம் அந்தக் கல்லு மேல ஏறி இறங்கணும். மொத்த வண்டியும் தூக்கிப் போடும். உங்க மிதியில இருக்கிற சக்தி அதுலயே வீணாகும். காத்தடைச்ச சக்கரமோ, கல் இருக்கிற இடத்துல மட்டும் உள்ளே அமுங்கி, கல்லை விழுங்கிட்டுப் போயிடும். வண்டி தூக்கிப் போடாது. சொகுசுக்காகச் செஞ்சதுதான். ஆனா கூடவே வேகமும் கிடைச்சுது.

இதுல உங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. உங்க எடையைத் தாங்குறது ரப்பர் இல்ல, உள்ளே இருக்கிற காத்து. அது குறைஞ்சா எவ்வளவு விலை உயர்ந்த டயரும் வெறும் ரப்பர்தான்.

சிரிச்சவங்க வாயை மூட வெச்ச ரேஸ்

1888-ல் டன்லப் காப்புரிமை வாங்கினார். அடுத்து, இதை ஊருக்குக் காட்டணும். பெல்ஃபாஸ்ட் க்ரூசர்ஸ் சைக்கிள் கிளப்பின் கேப்டன் வில்லி ஹியூம், காத்தடைத்த டயர் போட்ட சைக்கிளை வாங்க முன்வந்தார். சக்கரத்தைச் சுத்தி தடியா, உப்பலா ஏதோ ஒட்டியிருக்கிறதைப் பார்த்து சனங்க சிரிச்சாங்க.

1889, மே 18. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டி. அன்னைக்கு நடந்த நாலு சைக்கிள் பந்தயத்தையும் ஹியூம் ஜெயிச்சுட்டார். அடுத்து லிவர்பூல் போய் அங்கேயும் ஒண்ணு தவிர எல்லாத்தையும் ஜெயிச்சார்.

தோற்றவர்களில் டூ க்ராஸ் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் அப்பா ஹார்வி டூ க்ராஸ் டப்ளின் நகரத்து வியாபாரி. அயர்லாந்து சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தின் தலைவர். பிள்ளைகள் தோற்றதில் அவர் காசைப் பார்த்தார். 1889-லேயே ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. காப்புரிமையைக் கொடுத்த டன்லப்புக்குக் கிடைத்தது 1,500 பங்குகள்.

டப்ளினில் ரப்பர் வேலை ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தில் நாற்றம் தாங்கவில்லை என்று புகார். கடைசியில் உற்பத்தி இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகருக்குப் போனது. தொழிற்பேட்டை பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது.

மூணு மணி நேர பஞ்சர்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். டன்லப்பின் முதல் டயர்களில் ஒரு பெரிய சிக்கல். அதைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் டயரை ரிம்மிலிருந்து உரிக்கணும், டியூபை ஒட்டணும், மறுபடி எல்லாத்தையும் ஒட்டணும், காயவைக்கணும்.

1889-ல் பிரான்ஸின் கிளெர்மான்-ஃபெரான் ஊரில் ஒரு ரப்பர் பட்டறைக்கு இப்படி ஒரு சைக்கிள் வந்தது. பட்டறையை நடத்தியவர்கள் மிஷலின் சகோதரர்கள். டயரைக் கழற்றி ஒட்டவே சுமார் மூணு மணி நேரம். காய்வதற்கு ஒரு ராத்திரி. மறுநாள் எடுவார் மிஷலின் அதை ஓட்டிப் பார்த்தார். சொகுசு பிடித்திருந்தது. ஆனால், கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காத்து போய்விட்டது. காத்தடைத்த டயர்தான் எதிர்காலம், ஆனால் அதைச் சட்டென்று கழற்ற முடியணும் என்று அவருக்குப் புரிந்தது. 1891-ல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள்.

டன்லப் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. டயரின் ஓரத்துல கம்பி வெச்சு ரிம்முக்குள்ள உட்கார வைக்கும் முறைக்கு சார்ல்ஸ் வெல்ச் என்பவர் 1890-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். வில்லியம் பார்ட்லெட் என்பவரிடம் இன்னொரு முறை இருந்தது. ரெண்டு உரிமையையும் கம்பெனி விலைக்கு வாங்கியது. உங்க சைக்கிள் டயரோட ஓரத்தைத் தடவிப் பாருங்க. உள்ளே கம்பி தெரியும். அது வெல்ச் போட்ட வழி. பஞ்சர் கடைக்காரர் லீவர் போட்டுப் பத்தே நிமிஷத்துல டியூபை வெளியே எடுக்கிறார்னா, அதுக்குக் காரணம் அந்தக் கம்பிதான்.

இன்னொரு வேடிக்கை. பழைய கறுப்பு சைக்கிள்ல வால் டியூப் போட்ட வால்வு இருக்கும் இல்லையா? அதுக்கு உலகம் முழுக்க டன்லப் வால்வுன்னு பேர். ஆனா அதைச் செஞ்சது அவர் இல்ல. வூட்ஸ் என்ற வேறொருவர்.

டியூப் வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

*சைஸ்:* கடையில போய் 26 இன்ச் டியூப்னு மட்டும் கேட்காதீங்க. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளோட 26-ம், எம்டிபி-யோட 26-ம் ஒண்ணு இல்ல. டயரோட பக்கவாட்டுல 26 × 1.95, 27.5 × 2.10 மாதிரி எழுதியிருக்கும். கூடவே 50-559 மாதிரி இன்னொரு எண்ணும் இருக்கும். முதல் எண் அகலம், ரெண்டாவது ரிம்மோட விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. எம்டிபி 26-க்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனா போதும்.

*அகலம்:* டியூப் பெட்டியில 1.90 முதல் 2.125 வரைன்னு ஒரு வரம்பு போட்டிருப்பாங்க. உங்க டயர் அதுக்குள்ள வரணும். சின்ன டியூபைப் பெரிய டயர்ல போட்டா பலூன் மாதிரி இழுபட்டு மெலிஞ்சிடும். பெரிய டியூபைச் சின்ன டயர்ல திணிச்சா மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடம் சீக்கிரம் கிழியும்.

*வால்வு:* பைக்குக்கு இருக்கிற மாதிரி தடிமனான வால்வுன்னா பெட்ரோல் பங்க்ல காத்தடிக்கலாம். ஷிஃப்டுக்குப் போறவங்களுக்கு இதுதான் வசதி. ஒல்லியான வால்வுன்னா அதுக்குன்னு பம்ப்போ, சின்ன அடாப்டரோ வேணும். ரிம்ல இருக்கிற ஓட்டைக்கு ஏத்த வால்வுதான் வாங்கணும். பங்க்ல அடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சைக்கிள் டியூபுக்குள்ள போற காத்து ரொம்பக் கொஞ்சம். அந்த மெஷின் ஒரே அழுத்துல அளவைத் தாண்டிடும். விட்டு விட்டு அடிங்க.

*ரகம்:* ப்யூட்டைல் ரப்பர் டியூப், சாதா ரப்பரைவிட நல்லா காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். முள் தாங்கும் தடித்த டியூபும் கிடைக்குது. எடை கூடும், மிதிக்கக் கொஞ்சம் கனமா இருக்கும். தினமும் முள்ளுக் காட்டுப் பாதையில போறவங்களுக்கு அது லாபம். நல்ல தார் ரோட்டுல போறவங்களுக்குத் தேவையில்ல.

அவர் கண்டுபிடிச்சது அவரோடது இல்லையாம்!

கம்பெனி ஓட ஆரம்பித்த நேரத்தில், 1890-ல் டன்லப் தலையில் இடி. அவருடைய காப்புரிமை செல்லாது என்று அறிவிப்பு வந்தது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர். 1845-லேயே, அதாவது டன்லப் அஞ்சு வயசுப் பையனாக இருக்கும்போதே, காத்தடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால், அப்போது சைக்கிள் பரவவில்லை, ரப்பரும் விலை அதிகம். எல்லாரும் அதை மறந்தே போனார்கள். தாம்சனும் 1873-ல் இறந்துவிட்டார்.

டன்லப்புக்கு அந்த விஷயமே தெரியாது. அவர் காப்பியடிக்கவில்லை. ஆனாலும் சட்டப்படி முதல் உரிமை அவருக்கு இல்லை. வெல்ச், பார்ட்லெட் காப்புரிமைகள் கையில் இருந்ததால் கம்பெனி பிழைத்தது. டன்லப் 1890-களின் நடுவிலேயே விலகிக்கொண்டார். 1896-ல் அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியவர் அதையே 50 லட்சம் பவுண்டு மதிப்பில் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார். அந்தப் பெரும் பணத்தில் டன்லப் பணக்காரர் ஆகவில்லை. டப்ளினில் ஒரு துணி வியாபார நிறுவனத்தில் ஈடுபட்டு, அமைதியாக வாழ்ந்தார்.

பேரும் போச்சு, முகமும் போச்சு

இதுக்கு மேல ஒரு கூத்து நடந்துச்சு. டன்லப்பின் தாடி வைத்த முகத்தைக் கம்பெனி தன் அடையாளமாகப் பயன்படுத்தியது. அதுக்கு அவரும் சம்மதித்திருந்தார். பிறகு விளம்பரங்களில் அவருடைய தலையை ஒரு உயரமான ஆளின் உடம்பில் ஒட்டி, வெள்ளைத் தொப்பி, வெள்ளை வெயிஸ்ட்கோட், கையில் பிரம்பு என்று மைனர் மாதிரி வரைந்தார்கள். இன்னைக்கு நாம மீம்ஸ்ல பண்ற வேலையை அன்னைக்கே பண்ணியிருக்காங்க!

எளிமையாக வாழ்ந்த அந்தப் பெரியவருக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. தன் பெயரையே தாங்கிய கம்பெனி மேல் வழக்குப் போட்டார். அது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. டன்லப்புக்கு எதிராக டன்லப்!

1921, அக்டோபர் 23. டப்ளினில் தன் வீட்டில் இறந்தார். டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறையில் அடக்கம். டயர் உருவான கதையைத் தன் பக்கத்திலிருந்து அவர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பிறகு மகள் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அம்பத்தூர் டு தேர்வாய் கண்டிகை

டன்லப் நம்ம ஊருக்கு வந்ததே இல்ல. ஆனா அவர் பேர் வந்துச்சு. மேற்கு வங்கத்தின் சாஹாகஞ்சில் 1936-ல் டன்லப் ஆலை வந்தது. அடுத்து 1959-ல் நம்ம அம்பத்தூர். அப்போ அந்த ஏரியாவில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்கெனவே ஹெர்குலிஸ் சைக்கிள் செய்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சைக்கிள், ஒரு பக்கம் டயர். அம்பத்தூர் ரொம்ப காலம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது, 2018-ல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. டன்லப் ஆலையின் சைரன் ஓய்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

அன்னைக்கு டன்லப் டயரோட பஞ்சரை ஒட்டி ஒட்டி வெறுத்துப்போன மிஷலின் சகோதரர்கள் ஞாபகம் இருக்கா? அவங்க பேர்ல இருக்கிற கம்பெனியோட ஆலை, இப்போ கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகை சிப்காட்ல ஓடுது. லாரி, பஸ் டயர் அங்கே தயாராகுது. 1889-ல ஆரம்பிச்ச ஒரு பஞ்சர் கதை, உங்க ஷிஃப்ட் ரோட்டுக்குப் பக்கத்துலயே வந்து நிக்குது.

பஞ்சர் ஆச்சா? ஓட்டை எங்கேன்னு பாருங்க

ஒட்டி முடிச்சதும் காசு கொடுத்துட்டு ஓடாதீங்க. ஓட்டை எங்கே இருக்குன்னு கேளுங்க. காரணம் அதுலயே தெரியும்.

*வெளிப்பக்கம் ஒரே ஓட்டை:* முள், ஆணி அல்லது கம்பி. நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்ளும், பட்டறைகளில் இருந்து வர்ற இரும்புத் துணுக்கும்தான் முக்கிய எதிரி. நெடுஞ்சாலை ஓரத்துல வெடிச்ச லாரி டயர் துண்டு கிடக்கும். அதுக்குள்ள தலைமுடி மாதிரி மெல்லிசான கம்பி இருக்கும். டயர்ல அது குத்தினா கண்ணுக்கே தெரியாது. அதை எடுக்காம புது டியூப் போட்டா, சாயங்காலம் மறுபடி பஞ்சர். ஒரு துணியை டயருக்குள்ள விட்டுச் சுத்தித் துடைங்க. கம்பி இருந்தா துணி மாட்டும், உங்க விரல் தப்பிக்கும்.

*பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை:* பாம்பு கடிச்ச மாதிரி இருக்கும். காத்து கம்மியா இருக்கும்போது பள்ளத்துல இறக்கினதால, ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் நசுங்கியிருக்கு. முள் மேல பழி போடாதீங்க, இது நம்ம தப்பு.

*உள்பக்கம், ரிம் பார்த்த இடத்துல ஓட்டை:* ரிம் டேப் கிழிஞ்சிருக்கு அல்லது நகர்ந்திருக்கு. கம்பியோட தலை குத்துது. டேப்பை மாத்துங்க. ரொம்பச் சின்னச் செலவு.

*வால்வு அடியில கிழிசல்:* காத்து குறைஞ்சு டயர் ரிம்ல வழுக்கியிருக்கும், வால்வு சாய்ஞ்சு இழுபட்டிருக்கும். அந்த இடத்துல ஒட்டினா நிக்காது. புது டியூப்தான்.

வாரத்துக்கு அஞ்சு நிமிஷம்

நல்ல டியூபும் நாளாக நாளாகக் கொஞ்சம் காத்தை விடும். வாரத்துக்கு ஒரு தடவை அளவு பாருங்க. எவ்வளவு அடிக்கணும்னு டயர்லயே எழுதியிருக்கும். பல எம்டிபி டயர்ல 40 முதல் 65 பி.எஸ்.ஐ. வரைன்னு போட்டிருப்பாங்க. எடை அதிகம் உள்ளவங்க, பின்னாடி பை கட்டுறவங்க மேல் அளவுக்குப் பக்கமா வெச்சுக்கலாம். பின்சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா அடிங்க, எடை அங்கேதான் அதிகம்.

ராத்திரி சைக்கிளை நிறுத்தும்போது சக்கரத்தை ஒரு சுத்துச் சுத்திப் பாருங்க. டயர்ல குத்தியிருக்கிற கண்ணாடித் துண்டு உடனே உள்ளே போகாது. நீங்க ஓட்ட ஓட்டத்தான் ஆழமா இறங்கும். அன்னைக்கே பிடுங்கிட்டா டியூப் தப்பிக்கும். டயரோட கட்டை தேஞ்சு, உள்ளே நூல் தெரிஞ்சா டியூபை மாத்திப் பிரயோஜனம் இல்ல. டயரையே மாத்துங்க.

பையில ஒரு மாத்து டியூப், ரெண்டு பிளாஸ்டிக் லீவர், ஒரு சின்ன கைப்பம்ப். இது போதும். ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பாதீங்க, புது டியூபை நீங்களே குத்திடுவீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல உட்கார்ந்து கழற்றி மாட்டிப் பழகிட்டா, அப்புறம் கடை திறக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

டன்லப்புக்குக் காப்புரிமை நிக்கல. பெரிய பணமும் வரல. தன் முகத்தை விளம்பரத்துல எப்படிக் காட்டணும்னு சொல்லக்கூட கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனா அந்த முற்றத்துல கேட் தூண் வரைக்கும் ஓடின சக்கரம் இன்னும் நிக்கல. இன்னைக்குக் காலையில உங்களை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்.

சரி, உங்க சைக்கிளுக்குக் கடைசியா எப்போ காத்து பார்த்தீங்க? யோசிக்க வேண்டியிருந்தா, இன்னைக்கே பார்த்துடுங்க!